மென்மையா எடுங்க

மரக்கடை முதலாளியிடமிருந்து போன் வந்தபோது ஸ்டுடியோக்காரர் பாஸ்போர்ட் படங்களைக் கத்தரித்துக்கொண்டிருந்தார். குரலைக் கேட்டதும் கை ஒரு நூல் பிசகியது. படத்திலிருந்த மனிதருக்கு ஒரு காது போனது. போனால் போகட்டும், இன்னொரு பிரதி போட்டுக்கொள்ளலாம். இந்தப் போனுக்காக அவர் நாற்பது நாளாகக் காத்திருந்தார்.

எல்லாம் மகளுக்காக. அவளுக்கு வயது இருபத்தொன்பது. பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜையில் வேலை. கடைவாய்ப் பல் வலியோடு அங்கே வந்த மரக்கடை முதலாளியின் இளைய மகன், பல்லைப் பிடுங்கிய பிறகும் வாரம் ஒருமுறை வந்துகொண்டிருந்தான். விஷயம் இரண்டு வீட்டுக்கும் தெரிந்தது. ஸ்டுடியோக்காரருக்குக் கசக்குமா? நல்ல உடுப்பாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு நேரில் போய்ப் பேசிவிட்டே வந்தார். முதலாளி யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். அதோடு சரி, கிணற்றில் போட்ட கல்.

ஏற்கனவே இரண்டு இடங்கள் கைக்கு வந்து நழுவியிருந்தன. இதுவும் தவறினால் இனி தனக்கு மாப்பிள்ளையே பார்க்க வேண்டாம் என்று மகள் சொல்லிவிட்டாள். சொன்னால் சொன்னதுதான், அப்படி ஒரு பெண் அவள்.

முதலாளி போனில் கல்யாணத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. புது வீட்டுக் கூடத்தில் பெரிய சுவர் ஒன்று மொட்டையாக இருக்கிறது, குடும்பப் படம் ஒன்று மாட்ட வேண்டும், எட்டடிக்கு ஐந்தடி, நாளைக் காலையில் வந்துவிடுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டார்.

கம்ப்யூட்டரில் ஒரு மணப்பெண்ணின் பருவை அழித்துக்கொண்டிருந்த மனைவி திரும்பிப் பார்த்தாள். கூப்பிட்டது படத்துக்கா, சம்பந்தத்துக்கா என்று கேட்டாள். இரண்டும் ஒன்றுதான் என்றார் அவர். காரியம் ஆக வேண்டுமென்றால் கழுதை காலையும் பிடிக்க வேண்டியதுதானே என்றும் சேர்த்துக்கொண்டார்.

"பிடிங்க. உதைக்காத காலாப் பாத்துப் பிடிங்க," என்றாள் மனைவி.

முதலாளி ஏன் இவரைத் தேடிக் கூப்பிட்டார் என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் இவருடைய கைவரிசையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

லென்ஸுக்குள் ஒரு துவாரம் இருக்கிறது. அபெர்ச்சர் என்பார்கள். அதைச் சுருக்கிவைத்தால், நாம் கண்ணை இடுக்கிக்கொண்டு தூரத்துப் பலகையைப் படிப்பது போல, கிட்ட இருப்பதும் எட்ட இருப்பதும் ஒன்றாகத் துல்லியமாக விழும். அகலத் திறந்துவிட்டால் கதையே வேறு. எந்த முகத்தில் குறி வைக்கிறோமோ அதுவும், கேமராவிலிருந்து அதே தூரத்தில் இருக்கிற முகங்களும்தான் துல்லியம். முன்னே பின்னே இருப்பதெல்லாம் மழையில் நனைந்த எழுத்து மாதிரி கரைந்துவிடும். எண்கள்தான் தலைகீழ். இரண்டு என்றால் பெரிய துவாரம், பதினொன்று என்றால் ஊசித் துவாரம். இது தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த பாலபாடம். மற்றவர்கள் பூவைத் துல்லியமாக்கிச் செடியை மங்கலாக்குவார்கள். இவர் பெரியப்பாவைத் துல்லியமாக்கிச் சித்தப்பாவை மங்கலாக்குவார்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு வீட்டில் ஆரம்பித்தது. அங்கே ஒரு மருமகனை யாருக்கும் ஆகாது. படத்துக்குக் கூப்பிடாவிட்டால் சண்டை வரும். எடுத்த பிறகு வெட்டினால் அதைவிடப் பெரிய சண்டை வரும். ஸ்டுடியோக்காரர் அவரைப் பின்வரிசைக்கு இன்னும் பின்னால், ஜன்னலோரம் அழகாக நிறுத்தினார். துவாரத்தை அகலத் திறந்தார். படத்தில் மருமகன் இருக்கிறாரா என்றால் இருக்கிறார். யாரென்று தெரிகிறதா என்றால் அவரைப் பெற்றவளுக்கே தெரியாது. செய்தி ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குக் காதோடு காதாகப் போனது. யாரும் வெளிப்படையாகக் கேட்பதில்லை. தேநீரைக் கையில் கொடுத்து, கண்ணால் ஓர் ஆளைக் காட்டி, "அவங்கள மட்டும் கொஞ்சம் மென்மையா எடுங்க," என்பார்கள். இவர் தலையை ஆட்டுவார். காரணம் கேட்க மாட்டார். டாக்டர்தான் காரணம் கேட்பார், கசாப்புக் கடைக்காரர் கேட்பாரா?

மறுநாள் காலை மரக்கடை முதலாளியின் புது வீட்டில் பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. கூடம் இரண்டு மாடி உயரம். அதன் பின்பக்கத்தில் அகலமான படிக்கட்டு மேலே ஏறியது. பக்கவாட்டில் கறுப்பு இரும்புக் கைப்பிடி. ஸ்டுடியோக்காரர் நான்கு பக்கமும் பார்த்து மனசுக்குள் அளந்துகொண்டிருக்கும்போதே முதலாளி அவரைத் தம் அலுவலக அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். மேஜை மேல் மரத்துண்டு மாதிரிகள் வரிசையாக இருந்தன. முதலாளி ஒன்றை எடுத்து நகத்தால் சுரண்டிக்கொண்டே பேசினார்.

"உக்காருங்க சம்பந்தி."

ஸ்டுடியோக்காரருக்கு உச்சி குளிர்ந்துபோனது. இதுவரை 'ஸ்டுடியோக்காரரே' என்று மட்டும் கூப்பிட்ட வாய் அது.

முதலாளி விஷயத்துக்கு வந்தார். அவருக்கு மூத்தது ஒரு மகள். வயது முப்பத்தெட்டு. ஆறு வருஷத்துக்கு முன் புருஷனை வேண்டாமென்று விட்டுவிட்டு வந்து மாடியில் ஓர் அறையில் இருக்கிறாள். அவளைப் படத்தில் சேர்க்காவிட்டால் அவள் அம்மா அழுது ஊரைக் கூட்டுவாள். சேர்த்தாலோ?

"வர்றவன் போறவனெல்லாம் சுவத்தப் பாத்துட்டு, இது யாரு, இவங்க வீட்டுக்காரர் எங்கேன்னு கேப்பான். எட்டடிப் படம் சம்பந்தி. ஒவ்வொருத்தனுக்கும் எட்டடிக் கதை சொல்ல எனக்கு வாய் இல்லை. நிக்கட்டும். ஆனா மென்மையா."

ஸ்டுடியோக்காரர் தலையை ஆட்டினார்.

"நீங்க நம்ம வீட்டு மனுஷனா நடந்துக்கிட்டா மத்தது தானா நடக்கும்," என்று முதலாளி மரத்துண்டை அதன் இடத்திலேயே வைத்தார்.

கூடத்தில் எல்லோரும் தயாராக இருந்தார்கள். முதலாளி, அவர் மனைவி, மூத்த மகன், மூத்த மருமகள், அவர்களுடைய இரண்டு பிள்ளைகள், கல்யாணத்துக்கு நிற்கிற இளைய மகன். ஸ்டுடியோக்காரர் கேமரா நிற்கும் இடத்தில் ஒரு கயிற்றின் நுனியைக் கட்டி, மறுநுனியை ஒவ்வொரு நாற்காலிக்கும் கொண்டுபோய் அளந்தார். எல்லா மூக்கும் கேமராவிலிருந்து சரியாக இருபத்தைந்தடியில் இருக்க வேண்டும். ஒரு நாற்காலி அரையடி பின்வாங்கினாலும் அந்த ஆளும் சேர்ந்து கரைந்துவிடுவார். முதலாளியே கரைந்துவிட்டால் அப்புறம் சம்பந்தம் எங்கே? பிள்ளைகளை மடியில் வைக்கச் சொன்னார். முன்னால் உட்கார்ந்தால் பிள்ளைகளும் மென்மையாகிவிடுவார்கள்.

மூத்த மகள் கடைசியாக இறங்கி வந்தாள். நீல நிறத்தில் புதுத் துணி போட்டிருந்தாள். மடிப்புக் கோடுகள் இன்னும் கலையவில்லை. தலையை இரண்டு தடவை வாரியிருப்பாள் போலிருந்தது. நான் எங்கே உட்காரட்டும் என்று கேட்டாள். நாற்காலிகள் எண்ணிப் போடப்பட்டிருந்தன, அவளுக்கு இல்லை.

"நீங்க படிக்கட்டுல நில்லுங்கம்மா, நாலாவது படி. உயரமா ஒருத்தர் நின்னாத்தான் படத்துக்கே ஒரு கம்பீரம்," என்றார் ஸ்டுடியோக்காரர். பதினான்கு வீடுகளில் சொல்லிப் பழகிய வசனம்.

மூத்த மருமகள் பிள்ளையின் சட்டைக் காலரைச் சரி செய்தபடி வாழைப்பழத்தில் ஊசி ஏற்றினாள். "ஆமா அண்ணி, மேலேயே நில்லுங்க. கீழ வந்தா ஜோடிக் கணக்கு இடிக்கும்."

மூத்த மகள் சிரித்துக்கொண்டே படியேறினாள். ஊசி அவளுக்குப் பழக்கம்.

ஸ்டுடியோக்காரர் அளவு நாடாவோடு பின்னாலேயே போனார். முன்வரிசையிலிருந்து அவள் காலுக்குச் சரியாகப் பத்தடி. போதும், தாராளம். நாடாவைச் சுருட்டும்போது அவள் தலையைக் குனிந்து, கீழே கேட்காத குரலில் பேசினாள்.

"மாமா, உங்க பொண்ண நான் போய்ப் பாத்தேன். பல்லு வலின்னு பொய் சொல்லிட்டுப் போனேன். எனக்கு ரொம்பப் பிடிச்சுது. அப்பாதான் மசியல. நாலு நாள் சாப்பிடாம சண்டை போட்டிருக்கேன். தம்பியை வளத்தது நான், நான் சரின்னு சொல்றவளத்தான் கட்டுவேன்னு அம்மாகிட்டயே சொல்லிட்டான். நீங்க கவலைப்படாதீங்க."

நாடா அவர் கையில் பாதி சுருண்டு நின்றது. இந்த வீட்டில் தம்மை முறை வைத்துக் கூப்பிட்ட முதல் ஆள் முதலாளி. அவள் இரண்டாவது ஆள்தான். ஆனால் அவள் எதையும் கேட்டுக் கூப்பிடவில்லை.

உடனே கேட்கவும் கேட்டாள். "நல்லா எடுங்க மாமா. ஆறு வருஷமா என்னை யாரும் படம் எடுக்கல. கல்யாண ஆல்பத்தையும் அங்கேயே விட்டுட்டு வந்துட்டேன். நான் எப்படி இருக்கேன்னு எனக்கே மறந்துபோச்சு."

ஸ்டுடியோக்காரர் கீழே வந்து கேமராவுக்குப் பின்னால் நின்றார். விரல் லென்ஸில் துவாரத்தைத் திருகும் வளையத்தில் இருந்தது. வளையம் இரண்டில் இருந்தது. யாரும் சொல்லாமலே விரல் அதைப் பதினொன்றுக்குத் திருப்பியது. துவாரம் சுருங்கினால் வெளிச்சம் போதாது. ஃபிளாஷ் விளக்குகளைக் கூட்டினார். ஒன்று எடுத்தார். கூடமே பளீரென்று வெளுத்தது. பிள்ளைகள் கண்ணைக் கசக்கினார்கள்.

முதலாளி மரக்கடையில் நாற்பது வருஷம் ஆள்களை வேலை வாங்கியவர். கேமராவைத் தெரியாவிட்டாலும் வேலைக்காரன் கையைத் தெரியும். தலையைத் திருப்பாமல், போட்ட சிரிப்பு மாறாமல் சொன்னார்.

"சம்பந்தி. வெளிச்சம் உறுத்துது. மென்மையா."

ஸ்டுடியோக்காரர் விளக்கைக் குறைத்தார். வளையத்தை இரண்டுக்குத் திருப்பினார். முதலாளியின் கண்ணில் குறி வைத்து ஆறு படங்கள் எடுத்தார். ஒவ்வொரு முறையும் "அருமை, அருமை," என்றார்.

முடிந்ததும் மூத்த மகள்தான் முதலில் ஓடிவந்து காட்டச் சொன்னாள். கேமராவின் திரை உள்ளங்கை அகலம்கூட இல்லை. அந்த அளவில் எல்லா முகமும் துல்லியமாகத்தான் தெரியும். குட்டு என்னவென்று பெரிதாக்கினால்தான் புலப்படும். நீலத் துணியும் அதற்கு மேலே ஒரு சிரிப்பும் அரிசி மணி அளவில் தெரிந்தன.

"நல்லா விழுந்திருக்கேன் இல்ல?" என்றாள்.

"ராணி மாதிரி," என்றார் அவர்.

சாயங்காலம் மனைவி படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பெரிதாக்கினாள். முதல் படம் பதினொன்றில் எடுத்தது. ஏழு பேரும் துல்லியம், எட்டாவதாகப் படியில் நின்றவளும் துல்லியம். கண்ணோரத்துச் சுருக்கம்கூடத் தெரிந்தது. முழுசாகச் சிரித்திருந்தாள். இத்தனை பேரில் நிஜமாகச் சிரித்தவள் அவள் ஒருத்திதான் என்றாள் மனைவி. அடுத்த ஆறிலும் அந்த இடத்தில் நீலமாக ஒரு புகை நின்றது.

யாரைச் சொன்னார்கள் என்று மனைவி கேட்கவில்லை, பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் மனசு உறுத்திக்கொண்டே இருந்ததால் படிக்கட்டில் நடந்த பேச்சையும் கொட்டிவிட்டார்.

மனைவி கொஞ்ச நேரம் மவுஸை உருட்டிக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "முதல் படத்தையே போட்டுடுங்க. கேட்டா எல்லாமே இப்படித்தான் விழுந்துதுன்னு சொல்லுங்க. அவருக்கு என்ன தெரியும்?"

"அவருக்குக் கேமரா தெரியாது. என்னைத் தெரியும்," என்றார். "நாம சம்பந்தம் பண்றது அவர்கிட்டயா, அவர் மககிட்டயா?"

"நமக்காகச் சோறு சாப்பிடாம சண்டை போட்டவ அவ," என்றாள் மனைவி.

"அதான் சொல்றேன். அவ நம்ம பக்கம் இருக்கா, எப்பவும் இருப்பா. அவரைத்தான் நம்ம பக்கம் இழுக்கணும்."

கணக்கு சரியாகத்தான் இருந்தது. அன்புள்ளவர்களை அலட்சியம் செய்யலாம், அவர்கள் எங்கேயும் போய்விட மாட்டார்கள். இந்தக் கணக்கை வைத்துத்தான் உலகமே ஓடுகிறது. அவர் மனைவியின் கையிலிருந்து மவுஸை வாங்கி, முதல் படத்தை அழித்தார். குப்பைக் கூடையையும் காலி செய்தார். மனைவி எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாள், வழக்கத்தைவிடச் சத்தமாக.

பத்து நாளில் எட்டடிப் படம் சட்டம் போட்டுத் தயாரானது. அதை மாட்டும் நாளில் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லி முதலாளியின் மனைவி போன் செய்தாள். ஸ்டுடியோக்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. மகள் அரை நாள் விடுப்பு எடுத்தாள். படத்தை அவள் அதுவரை பார்த்திருக்கவில்லை, பிரிண்ட் வெளியூரிலிருந்து நேராக அந்த வீட்டுக்கே போயிருந்தது.

மரக்கடை ஆள்கள் இரண்டு பேர் ஏணி போட்டு மாட்டிவிட்டு இறங்கினார்கள். எல்லோரும் பின்னால் தள்ளி நின்று பார்த்தார்கள். முதலாளியின் மீசை முடியை எண்ணலாம். மூத்த மருமகளின் தோட்டுக் கல்லில் ஜன்னல் தெரிந்தது. பிள்ளையின் முழங்காலில் உரிந்த தோல்கூட அத்தனை சுத்தமாக விழுந்திருந்தது. அவர்களுக்குப் பின்னால் படிக்கட்டில் நீலமாக ஓர் உருவம் நின்றது. தலை இருந்தது, கை இருந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் முகம் மாதிரி ஒன்று இருந்தது.

முதலாளி ஸ்டுடியோக்காரரின் தோளைத் தட்டினார். மூத்த மகன் உதட்டைப் பிதுக்கிப் பாராட்டினான். இளைய மகன் ஸ்டுடியோக்காரரின் மகளைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கைபேசியில் படத்தைப் படம் பிடித்தான்.

அப்போதுதான் முதலாளியின் மூத்த மகள் மாடியிலிருந்து வந்தாள். ஸ்டுடியோக்காரர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, வா, நான் எங்கே இருக்கேன் பார் என்று படத்துக்குப் பக்கத்தில் இழுத்துப் போனாள். பெரிய படத்தைக் கிட்டே போய்ப் பார்த்தால் இன்னும் மோசம். அவள் பின்னால் வந்தாள். மறுபடி கிட்டே போனாள். சிரிப்பு மட்டும் என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் முகத்திலேயே தங்கியிருந்தது.

"நான் மட்டும் ஏன் மாமா இப்படி இருக்கேன்?"

முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். ஸ்டுடியோக்காரரிடம் பதில் தயாராக இருந்தது. எத்தனையோ வீடுகளில் செல்லுபடியான பதில்.

"நீங்க அசைஞ்சிட்டீங்கம்மா. எடுக்கற நேரத்துல லேசா அசைஞ்சாலும் இப்படித்தான் ஆயிடும்."

மூத்த மருமகள் யாரையும் பார்க்காமல் சொன்னாள். "அண்ணிக்கு ஒரு இடத்துல நிக்கத்தான் வராதே."

மூத்த மகன் சிரிப்பை இருமலாக்கினான். முதலாளி ஒருபடி மேலே போனார். ஒரு நிமிஷம் சொன்னபடி நின்றிருந்தால் என்ன குறைந்திருக்கும், எட்டடிப் படம் அவளால் பாழ் என்று மகளைக் கடிந்துகொண்டார். தாமே சொல்லிச் செய்வித்த காரியத்துக்குக் குரல் துளியும் பிசகாமல் கோபப்பட்டார். பாவம், அவள் வேண்டுமென்றா அசைந்தாள் என்று முதலாளியின் மனைவி பரிந்து பேசினாள். அவளுக்கு நிஜமாகவே எதுவும் தெரியாது.

மூத்த மகள் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு ஸ்டுடியோக்காரரிடம் வந்தாள்.

"மன்னிச்சுக்குங்க மாமா. இவ்வளவு பாடுபட்டு எடுத்தீங்க. உங்க வேலையைக் கெடுத்துட்டேன்."

"பரவாயில்லம்மா," என்றார் ஸ்டுடியோக்காரர். பெரிய மனசு பண்ணி மன்னித்தும் விட்டார்.

அவள் கடைசியாக ஒரு தடவை படத்தைத் திரும்பிப் பார்த்தாள். அங்கேயே நின்றுவிட்டாள்.

"மாமா, என் பக்கத்துல இருக்கற கம்பியும் இதே மாதிரி இருக்கே. அதுவும் அசைஞ்சுதா?"

 தேள் கொட்டிய திருடன் வாயை மூடிக்கொண்டாவது இருக்கலாம். ஸ்டுடியோக்காரருக்கு அதுவும் முடியவில்லை. முதலாளியின் கண் அவர் பிடரியில் இருந்தது. ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொன்று வேண்டும். அகப்பட்டதை எடுத்தார்.

"புது வீடு இல்லையாம்மா. கட்டு இன்னும் இறுகியிருக்காது. கம்பி ஆடியிருக்கும்."

அவள் நேராகப் படிக்கட்டுக்குப் போனாள். நாலாவது படியில் ஏறினாள். கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துப் பலம் கொண்ட மட்டும் உலுக்கினாள். அவள்தான் ஆடினாள். கம்பி ஆடவில்லை.

அங்கே நின்றபடியே தன் அப்பாவைப் பார்த்தாள். அவர் ஜன்னலைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தாள். அவன் கைபேசியைப் பார்த்தான். கடைசியில் ஸ்டுடியோக்காரரின் மகளைப் பார்த்தாள்.

"நீ ஸ்டுடியோவுலயே வளந்தவ. நீ சொல்லு. நான் அசைஞ்சேனா?"

 ஸ்டுடியோக்காரரின் மகளுக்கு மங்கலில் இரண்டு வகை உண்டென்று பத்து வயதிலேயே தெரியும். வீணான பிரிண்டுகளைத் தரையில் பரப்பி, தானே இரண்டு குவியலாகப் பிரிப்பாள். அசைந்து மங்கினது ஒரு பக்கமாக இழுபட்டிருக்கும். குறிக்கு வெளியே நின்று மங்கினது நாலு பக்கமும் ஊறியிருக்கும். ஒரு தடவைகூட அவள் குவியல் மாறியதில்லை. இப்போது உண்மையைச் சொன்னால் அப்பா பொய்யர், அந்த வீட்டுப் பெரியவர் அதைவிடப் பெரிய பொய்யர், கல்யாணம் இந்தப் படிக்கட்டோடு முடிந்தது. சொல்லிவிடுவாளோ என்று அவருக்குப் பயமாக இருந்தது. சொல்லிவிட மாட்டாளா என்றும் ஒரு மூலையில் இருந்தது. அந்த மூலை அவருக்கே புதிது.

மகள் படத்தைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். முதலாளியைப் பார்த்தாள். இதெல்லாம் ஒரு மூச்சுக்குள்.

"அசைஞ்சிருப்பீங்க அண்ணி," என்றாள். "நமக்கே தெரியாம அசைஞ்சிடுவோம். கம்பியைப் பிடிச்சிருந்தீங்க இல்ல, அதான் அதுவும் சேந்து அசைஞ்சிருக்கு."

அதுவரை அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

படியில் நின்றவள் கம்பியிலிருந்து கையை எடுத்தாள். உள்ளங்கையில் பெயின்ட் கறுப்பாக ஒட்டியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே பேசினாள். குரலில் அழுகை இல்லை, கோபமும் இல்லை.

"தேதி பாத்துடுங்கப்பா. இந்த வீட்டுக்குன்னே அளவெடுத்துச் செஞ்ச பொண்ணு."

சொல்லிவிட்டு மேலே ஏறிப் போனாள். அறைக்கதவு சாத்தப்பட்ட சத்தம்கூடக் கேட்கவில்லை.

கீழே எல்லோருக்கும் ஒரே நேரத்தில் மூச்சு வந்தது. பார்த்தீர்களா, அவளே வாய் திறந்து சொல்லிவிட்டாள் என்று முதலாளியின் மனைவி பூரித்துப்போய் வரப்போகிற மருமகளின் கன்னத்தைத் தடவினாள். மூத்த மருமகள் எழுந்து வந்து தனக்கு அடுத்த நாற்காலியை இழுத்துப் போட்டாள். இனி ஜோடிக் கணக்கு இடிக்காது. முதலாளி உள்ளிருந்து நாள்காட்டியைக் கொண்டுவரச் சொன்னார். அடுத்த மாதம் இருபதாம் தேதி என்று முடிவானது. ஸ்டுடியோக்காரர் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். கிளம்பும்போது முதலாளி மருமகளாக வரப்போகிறவளைத் தனியே கூப்பிட்டு இரண்டு நிமிஷம் பேசினார். பாசமாகத்தான் பேசினார், அவள் தோளில் கை வைத்திருந்தார்.

ஸ்கூட்டரில் மகள் பின்னால் உட்கார்ந்திருந்தாள். ஸ்டுடியோக்காரர் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தார். நீ அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் என்று சொல்லலாம். எந்த வாயால் சொல்வது? நல்ல காரியம் செய்தாய் என்று சொல்லலாம். அதற்கும் வாய் வரவில்லை. சிக்னலில் சிவப்பு விழுந்தது. வண்டியை நிறுத்தினார்.

மகள் அவர் காதருகில் குனிந்தாள்.

"கல்யாணப் படம் நீங்கதான் எடுக்கணும்னு மாமா சொல்லிட்டார்பா. மண்டபத்துல மேடை எவ்வளவு ஆழம்னு கேட்டு வைக்கச் சொன்னார். அண்ணி நிக்கப் பின்னால பத்தடி கிடைக்குமான்னு."

குரல் சாதாரணமாக இருந்தது. மருத்துவமனையில் அடுத்த நோயாளியைக் கூப்பிடுகிற குரல். அவர் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். முகம் துல்லியமாகத் தெரிந்தது.

"பத்தடி வேணாம்," என்றார் ஸ்டுடியோக்காரர். "ஏழு போதும்."

பச்சை விழுந்தது. பின்னால் இருந்த வண்டிக்காரன் ஹார்ன் அடித்தான்.